வயலுக்குப் போகும் துவக்கும் நிறுத்திவைத்த வாகனமும்: படிப்படியான முழு வழிகாட்டி

பெரும்போக வெள்ளாமை குடலைப் பருவத்துக்கு (கதிர் வெளிவருவதற்கு முந்திய நிலைக்கு) வந்துவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இரவு உறக்கம் குறைந்துவிடும். பன்றி ஒரு பக்கம், யானை இன்னொரு பக்கம். இந்த நாட்களில்தான் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதி பெற்ற சொட்கன் துவக்குகள் (துப்பாக்கிகள்) அலுமாரியை விட்டு வெளியே வருகின்றன. வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயல் வாவிக்கு அப்பால் வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ உன்னிச்சையிலோ இருக்கும். அம்பாறை மாவட்டத்திலும் இதே கதைதான். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோரத்தில் குடியிருப்பவர்களின் வட்டைகள் (வயல்வெளிகள்) பெரும்பாலும் மேற்கே, காட்டு விளிம்புக்குக் கிட்டப் போய்விடுகின்றன. நடுவில் உள்ள தூரத்தைத் துவக்கு வாகனத்தில்தான் கடக்கிறது. வழியில் உரக்கடை, பெற்றோல் செட், வங்கி, கோயில், பள்ளிவாசல், தேத்தண்ணிக் கடை எல்லாம் வருகின்றன. "பத்து நிமிசம்தானே மச்சான், உள்ளுக்குள்ள கிடக்கட்டும், மறுகா வந்து எடுப்பம்" என்று சொல்லிவிட்டு இறங்குகிறோம்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நிறுத்திவைத்த வாகனம் துவக்கை வைத்திருக்கும் இடமே அல்ல. தவிர்க்க முடியாத ஒரு சின்ன இடைவேளைக்கு மட்டும் அது இருக்கலாம். அப்போதும் துவக்கு கண்ணுக்குத் தெரியக் கூடாது, வாகனத்தின் உடலோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும், யாராவது உடைத்து எடுத்தாலும் உடனே சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் சரி. ஒன்று குறைந்தாலும் துவக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இது அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கான வழிகாட்டி. ஊரில் செய்த, அனுமதி இல்லாத கட்டுத்துவக்கை எங்கே ஒளித்து வைப்பது என்பதற்கு இங்கே பதில் இல்லை. அதைப் பாதுகாப்பாக வைக்க ஒரு வழியும் கிடையாது.

ஏன் இவ்வளவு கவனம்?

வாகனக் கண்ணாடியை உடைக்கச் சில விநாடிகள் போதும். உள்ளே கிடப்பது கைப்பேசி என்றால் இழப்பு உங்களோடு முடிந்துவிடும். துவக்கு என்றால் அது அடுத்து யார் கைக்குப் போகும், எந்த வீட்டு வாசலில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. நம்முடைய மாவட்டங்களில் இதற்குக் கூடுதல் பாரம் உண்டு. 2018 நவம்பர் இறுதியில் வவுணதீவில் காவல் கடமையில் இருந்த 2 பொலிஸார் கொல்லப்பட்டு அவர்களுடைய துவக்குகள் எடுத்துச் செல்லப்பட்டன. சந்தேகம் முதலில் முன்னாள் போராளிகள் பக்கம் திரும்பியது. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகுதான் உண்மையில் யார் செய்தது என்பது வெளியே வந்தது. ஒரு துவக்கு களவு போனால் அதோடு சேர்ந்து எத்தனை பேருடைய வாழ்க்கை இழுபடும் என்பதை இங்கே உள்ளவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே இன்றும் இதற்கு அடிப்படை. அனுமதி ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் கொடுக்கப்படுகிறது. துவக்கு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதற்கு அந்த ஒருவர்தான் பொறுப்பு. வாகனத்தைத் தம்பி ஓட்டினார், மருமகன் நிறுத்தினார் என்பதெல்லாம் பிறகு பேசும் பேச்சு.

முதல் படி: பயணத்தைத் துவக்குக்காகத் திட்டமிடுங்கள்

பாதுகாப்புப் பெட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். இதற்குக் காசும் தேவையில்லை. டவுனில் உள்ள அலுவல்களைக் காலையில் துவக்கு இல்லாமல் முடியுங்கள். கச்சேரி (மாவட்டச் செயலகம்), வங்கி, கமநல சேவை நிலையம், ஆசுபத்திரி, பிள்ளையை டியூசனில் இறக்குவது, எல்லாம் முதல் சுற்று. வீட்டுக்குத் திரும்பி வந்து, துவக்கை எடுத்து, நேராக வயலுக்குப் போவது இரண்டாம் சுற்று. எரிபொருளை முதல் சுற்றிலேயே அடித்து வையுங்கள். வயலுக்கு வேண்டிய சாப்பாடு, தண்ணீர், டோர்ச் பற்றரி எல்லாம் முன்கூட்டியே ஏற்றிவிட்டால் வழியில் நிற்கக் காரணமே இராது. அதிகப்படியான எரிபொருள் செலவாகும்தான். களவு போன துவக்கின் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது.

எந்த வாகனம் என்பதும் இதோடு சேர்ந்தது. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லேண்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), நான்கு சில்லு உழவு இயந்திரம் ஆகியவற்றில் துவக்கை விட்டுவிட்டு அகலவே கூடாது. ஓட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள இடமும், லேண்ட் மாஸ்டரின் சாமான் பெட்டியும், மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே உள்ள குழியும் பூட்டு இருந்தாலும் பூட்டாதவைதான். இவற்றில் போகிறவர்கள் வீட்டிலிருந்து வயல் வரை துவக்கைத் தம்மோடு வைத்திருக்க வேண்டும். இடையில் இறங்கக் கூடாது. கட்டாயம் இறங்க வேண்டி வந்தால், துவக்கோடு உள்ளவர் வாகனத்திலேயே இருக்க, கூட வந்தவர் போய் வரட்டும். டிமோ பட்டா போன்ற சிறிய லொறிகளின் பின்பெட்டியும் இதே கணக்குத்தான். படங்கு போட்டு மூடினால் மறையும், பாதுகாக்காது.

மிச்சம் இருப்பவை கார், வான், டபுள் கெப். இனி வருவதெல்லாம் இந்த மூன்றுக்கும்தான்.

இரண்டாம் படி: கடதாசிகளைச் சரிபாருங்கள்

அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாகும். சரியாக வெள்ளாமைக் காவல் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. மழையும் வெள்ளமுமாக இருக்கும்போது கச்சேரிக்கு அலைய மனம் வராது. அதனால் பலர் ஜனவரியில் பழைய பத்திரத்தோடு துவக்கைக் கொண்டு திரிகிறார்கள். வருட முடிவுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

பயணத்தில் மூலப் பத்திரமும் அடையாள அட்டையும் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும், துவக்கு இருக்கும் பெட்டிக்குள் அல்ல. பெட்டி களவு போனால் பத்திரமும் சேர்ந்து போய்விடும். துவக்கின் தொடர் இலக்கம், தயாரித்தவர் பெயர், குழலின் அளவு, சோங்கில் (தோளில் வைக்கும் கட்டையில்) உள்ள கீறல் போன்ற அடையாளங்கள் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்து கைப்பேசியில் ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியும் வையுங்கள். பழைய சொட்கன்களில் தொடர் இலக்கம் துருவுக்குக் கீழே மங்கிப் போயிருக்கும். மெதுவாக எண்ணெய் போட்டுத் துடைத்து இப்போதே வாசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாடு எழுதும் மேசைக்கு முன்னால் நின்று அந்த இலக்கத்தை ஞாபகப்படுத்த முயல்வது பெரிய அவஸ்தை.

மூன்றாம் படி: வாகனத்துக்குள் ஓர் இரும்புப் பெட்டி

கடையில் விற்கும் துணி உறையும் பிளாஸ்டிக் பெட்டியும் துவக்கைக் கீறல் படாமல் காக்கும். களவு போகாமல் காக்காது. நமக்கு வேண்டியது வாகனத்தின் தளத்தோடு பிணைத்த இரும்புப் பெட்டி. இதை ஊர் வெல்டிங் கடையிலேயே செய்விக்கலாம்.

நடுவில் மடித்துத் திறக்கும் 12 போர் சொட்கனை மூன்று துண்டாகக் கழற்றலாம்: குழல், குழலுக்குக் கீழே இடது கை பிடிக்கும் முன்கட்டை, விசையோடு சேர்ந்த சோங்கு. குழல் பொதுவாக 28 தொடக்கம் 32 அங்குலம் வரை வரும். ஆகவே 36 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள பெட்டி தாராளம். உங்கள் குழலை அளந்துவிட்டே தகடு வெட்டச் சொல்லுங்கள். தகடு குறைந்தது 2 மில்லிமீற்றர், முடிந்தால் 3. மூடியின் பிணைச்சல் வெளியே தெரிந்தால் அதை வெட்டித் திறந்துவிடலாம். உள்பக்கமாக வரும்படி செய்யச் சொல்லுங்கள். ஆமைப்பூட்டு மாட்டுவதென்றால் அதன் வளையம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காதபடி ஒரு தகட்டு மறைப்பு வேண்டும். இல்லாவிட்டால் பெரிய வெட்டுக் குறடு ஒன்றே போதும், பெட்டி எவ்வளவு தடித்திருந்தாலும் பயனில்லை.

பெட்டியைப் பொருத்த 10 அல்லது 12 மில்லிமீற்றர் போல்ட் நான்கு வேண்டும். போல்ட்டின் தலை வாகனத்துக்குக் கீழே இருக்க, நட் பெட்டிக்குள்ளே வர வேண்டும். அப்போது பெட்டியைத் திறந்தால் ஒழியக் கழற்ற முடியாது. கீழ்ப்பக்கம் அகலமான வொஷரோ சிறிய இரும்புத் தகடோ வைக்காவிட்டால், இழுக்கும்போது மெல்லிய தளத் தகடு கிழிந்து போல்ட்டோடு வந்துவிடும். துளை போடுவதற்கு முன் கீழே படுத்துப் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டும். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் மின்வயரும் தளத்துக்கு அடியில்தான் ஓடுகின்றன.

எங்கே பொருத்துவது என்றால், டபுள் கெப்பில் பின்சீட்டுக்குக் கீழே. சீட்டை மடித்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. வானில் கடைசிச் சீட்டுக்குக் கீழே. காரில் டிக்கிக்குள், முன் சுவரோடு சேர்த்து. கார் டிக்கியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பல கார்களில் டிரைவர் சீட்டுக்கு அருகே ஒரு நெம்புகோலை இழுத்தாலே டிக்கி திறந்துவிடும், பின்சீட்டை மடித்தும் டிக்கிக்குள் கை விடலாம். பக்கக் கண்ணாடியை உடைத்தவனுக்கு டிக்கி பூட்டு ஒரு தடையே இல்லை. டபுள் கெப்பின் பின்தட்டில் வைக்கும் சாமான் பெட்டியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது எல்லோர் கண்ணிலும் படுகிறது, பெரும்பாலும் இரண்டு பேர் தூக்கினால் வந்தும்விடும்.

பெட்டி செய்ய இப்போது வசதி இல்லை என்பவர்களுக்கு ஒரு இடைக்கால வழி உண்டு. பிளாஸ்டிக் உறை பூசிய எஃகுக் கம்பிவடத்தைத் திறந்த குழலின் பின்வாயால் விட்டு முன்வாயால் எடுத்து, சீட் பொருத்தியுள்ள இரும்புச் சட்டத்தைச் சுற்றி ஆமைப்பூட்டால் பூட்டுங்கள். குழலுக்குள் வடம் இருக்கும் வரை தோட்டா போடவும் முடியாது, துவக்கை மூடவும் முடியாது. ஆனால் வடத்தை வெட்டலாம். அதனால் இது கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது மட்டும்தான். விசையில் மாட்டும் பூட்டும் நல்லதுதான். அதை வெறும் துவக்கில் மட்டுமே மாட்ட வேண்டும். தோட்டா உள்ளே இருக்கும்போது விசையருகே எதையும் நுழைக்கக் கூடாது.

நான்காம் படி: ஏற்றுவதற்கு முன் வெறுமையாக்குங்கள்

விபத்துகள் பெரும்பாலும் வாகனத்தில் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் நடக்கின்றன. உள்பக்கம் சோங்கும் நம்மை நோக்கிக் குழலுமாக இழுப்பது கை பழகிய விதம். சீட் பெல்ட்டிலோ உரப்பையின் நூலிலோ விசை மாட்டினால் அவ்வளவுதான்.

வாகனத்துக்கு வெளியே, திறந்த இடத்தில், குழலை மண்ணை நோக்கிப் பிடித்துக்கொண்டு துவக்கை மடித்துத் திறங்கள். கல்லையோ கொங்கிரீட்டையோ நோக்க வேண்டாம், ஈயம் திரும்பித் தெறிக்கும். தோட்டாவை வெளியே எடுங்கள். பிறகு பின்வாய் வழியாகக் கண்ணால் பாருங்கள். இருட்டு என்றால் டோர்ச் அடித்துப் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் வயலிலிருந்து கிளம்பும்போது கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. இரட்டைக் குழல் என்றால் இரண்டையும். "ராத்திரியே வெடிச்சிட்டன், ஒண்டும் இல்லை" என்ற பேச்சை உங்கள் வாயிலிருந்து வந்தாலும் நம்பாதீர்கள்.

அடுத்து மூன்று துண்டாகக் கழற்றுங்கள். குழலும் சோங்கும் பெட்டிக்குள் போகட்டும். முன்கட்டையை உங்கள் தோள்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கத்தை நான் மிகவும் வலியுறுத்துவேன். முன்கட்டை இல்லாமல் குழல் சரியாகப் பிடித்து நிற்காது. பெட்டியை உடைத்தவன் கையில் கிடைப்பது முழுத் துவக்கல்ல. தோட்டாக்களும் பெட்டிக்குள் வேண்டாம். வேறு பூட்டுள்ள இடத்தில், அல்லது உங்களோடு. எத்தனை தோட்டா கொண்டு வந்தீர்கள் என்று எண்ணிக் குறித்துவையுங்கள். திரும்பும்போது கணக்குச் சரிவர வேண்டும்.

பெட்டித் திறப்பு (சாவி) வாகனத் திறப்போடு ஒரே வளையத்தில் தொங்கக் கூடாது. வாகனத்தை யாராவது தள்ளி நிறுத்தக் கேட்டால் திறப்பைக் கொடுத்துவிடுகிறோம். பெட்டித் திறப்பும் சேர்ந்தே போய்விடும்.

ஐந்தாம் படி: நிறுத்தும் இடமும் நேரமும்

இதில் ஒரு நுட்பம் உண்டு. துவக்கைப் பெட்டிக்குள் வைக்கும் வேலையை வீட்டு முற்றத்திலேயே முடித்துவிட்டு வர வேண்டும். கடைத் தெருவில் வாகனத்தை நிறுத்திய பிறகு பின்சீட்டை மடித்து, நீளமான ஒன்றை எடுத்து, கீழே வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் அந்தத் தெருவில் நின்ற எல்லோருக்கும் அதை அறிவித்த மாதிரி.

மண்முனைப் பாலத்தடியோ, வலையிறவுப் பாலத்தடியோ, சந்தை வாசலோ, சனம் வந்து போகும் இடம் என்பதற்காக அது பாதுகாப்பாகிவிடாது. நீங்கள் இருந்து பார்க்கக்கூடிய இடமா என்பதுதான் கேள்வி. தேத்தண்ணிக் கடை மேசையிலிருந்து வாகனத்தின் இரண்டு கதவாவது தெரிய வேண்டும். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் பின்கதவைத் திறக்க இடம் இராது. இறங்கியதும் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, ரிமோட்டை அழுத்திய பிறகு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். ரிமோட் வேலை செய்யாமல் போவதும் உண்டு, வேண்டுமென்றே அலையைத் தடுக்கும் கருவி வைத்திருக்கும் கள்ளர்களும் உண்டு. தோட்டா வார், வெற்றுத் தோட்டாக் கோது, துவக்கு எண்ணெய்ப் போத்தல், நெற்றியில் கட்டும் பெரிய லைற் எதுவும் சீட்டில் கிடக்கக் கூடாது. அவற்றைப் பார்க்கிறவனுக்கு மிச்சம் புரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், கண் பார்வையில் இருந்தால் ஒரு சாப்பாட்டு நேரம். பார்வையில் இல்லாவிட்டால் ஒரு சாமான் வாங்கி வரும் நேரம். அதற்கு மேல் என்றால் வேண்டாம். இரவில், எந்தப் பெட்டியாக இருந்தாலும், ஒருபோதும் வேண்டாம். வீட்டு முற்றத்தில் நிறுத்திய வாகனத்துக்கும் இது பொருந்தும். களைத்து வந்து "காலையில எடுப்பம்" என்று விட்டுவிடும் இரவுதான் ஆபத்தான இரவு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை துவக்கை உள்ளே எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டுள்ள அலுமாரியில் வைப்பது. குளிப்பதும் சாப்பிடுவதும் அதற்குப் பிறகு.

சில இடங்களில் நிறுத்தவே கூடாது. பாடசாலை வாசல், நீதிமன்ற வளாகம், ஆலயத் திருவிழாக் கூட்டம், தேர்தல் கூட்டம் ஆகியவற்றில் துவக்குடன் கூடிய வாகனம் தேவையில்லாத சிக்கலைக் கொண்டுவரும். பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவ நோக்கிப் போகும் ஏ 4 வீதி லகுகல தேசிய பூங்காவை ஒட்டி ஓடுகிறது. யானை பார்க்க எல்லோரும் வாகனத்தை ஓரம் கட்டும் இடம் அது. உங்கள் வாகனத்தில் துவக்கு இருந்தால் அங்கே நிறுத்தாதீர்கள், பூங்கா எல்லைக்குள் இறங்கவே வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேசிய பூங்காக்களுக்குள் துவக்கைக் கொண்டு திரிவதைத் தடுக்கிறது. வயலுக்குப் போகிறேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

வாடியில் தங்கும் இரவு

வயலில் வாகனம் நிற்கும் இடம் ஒன்று, காவலுக்குத் தங்கும் குடிசையான வாடி இன்னொன்று. நடுவில் வரம்பும் சேறும் அரை மைல் தூரமும் இருக்கலாம். வாகனத்துக்குள் துவக்கை விட்டுவிட்டு வாடிக்குப் போவது இரவில் நடக்கும் மிகப் பெரிய கவனக்குறைவு. துவக்கு உங்களோடு வாடிக்குப் போக வேண்டும். நீங்கள் உறங்கும்போது தோட்டா எடுக்கப்பட்டு, பரணின் தூணோடு கம்பிவடத்தால் பூட்டப்பட்டு உங்கள் தலைமாட்டில் இருக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் நல்லவர்தான், உறவுக்காரர்தான், ஆனால் அனுமதி அவருடைய பெயரில் இல்லை. "மாமா, நான் டவுனுக்குப் போயிட்டு வாறன், இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்று துவக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால், நீங்கள் இருவருமே சட்டத்தின் முன் நிற்க வேண்டி வரும். போக வேண்டி வந்தால் துவக்கையும் எடுத்துக்கொண்டே போங்கள்.

பல நாள் வெளியூர் போகிறவர்கள் உங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையத்தில் துவக்கை ஒப்படைத்து வைப்பது பற்றிக் கேளுங்கள். கையளிக்கும்போது எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

வெயிலும் உப்புக்காற்றும்

சிறுபோகக் காலத்து வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தின் உள்ளே ஒரு மணி நேரத்துக்குள் 50 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். சொட்கன் தோட்டா அந்தச் சூட்டில் தானாக வெடிக்காது, அதற்கு இன்னும் பல மடங்கு சூடு வேண்டும். ஆனால் நாள்தோறும் இப்படிக் காய்ந்து குளிர்ந்தால் மருந்து கெட்டு, வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகும், அல்லது ஒரு கணம் தாமதித்து வெடிக்கும். தாமதித்து வெடிப்பதுதான் பயங்கரம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை வெறும் நிலத்தை நோக்கிப் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருந்துவிட்டே திறக்க வேண்டும். பெட்டியிலோ டாஷ்போர்ட்டுக்குள்ளோ தோட்டாக்களை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

துவக்குக்கு வெயிலைவிட ஈரம்தான் எதிரி. பனியில் நனைந்த துவக்கை அப்படியே பஞ்சு உறைக்குள் போட்டு இரும்புப் பெட்டிக்குள் அடைத்தால், வாவிக் காற்றின் உப்பும் சேர்ந்து விரைவிலேயே குழலில் சிவப்புப் படரும். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு அடிக்கடி மாற்றுங்கள்.

யானையை விரட்டக் கொளுத்திப் போடும் யானை வெடியை இதோடு கலக்காதீர்கள். அது தோட்டா போல் அல்ல. கெட்டுப்போன யானை வெடி உராய்வு, அடி, தீப்பொறி எதனாலும் கையிலேயே வெடிக்கலாம். மூடிய வாகனத்துக்குள் வெயிலில் விடவே கூடாது. துவக்கு உள்ள பெட்டிக்குள்ளோ, பற்றரி கிடக்கும் பக்கமோ, பெற்றோல் கான் அருகேயோ வைக்கக் கூடாது. வாகனத்துக்குள் அது இருக்கும்போது சிகரெட்டும் வேண்டாம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் உலர்ந்த மரப்பெட்டியில் எடுத்துப் போய், மிச்சத்தை அன்றே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

வீதியில் மறித்தால்

இரவில் சோதனைக்கு நிறுத்தும்போது உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வையுங்கள். அவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: "சேர், லைசென்ஸ் உள்ள சொட்கன் ஒன்று பின்சீட்டுக்குக் கீழ பெட்டியில பூட்டி இருக்கு. துவக்குக்குள்ள தோட்டா இல்லை. பத்திரம் சட்டைப் பையில இருக்கு, எடுக்கட்டுமா?" அனுமதி கிடைத்த பிறகு கையை அசையுங்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறப்பைக் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். கூட வந்தவர்களுக்கும் இதை முன்பே சொல்லி வைக்க வேண்டும். பின்னால் இருக்கும் மருமகன் பதறிப்போய்ப் பெட்டிப் பக்கம் குனிந்தால் நிலைமை நொடியில் மாறிவிடும்.

களவு போய்விட்டால்

வாகனம் உடைந்து கிடப்பதைக் கண்டதும் உள்ளே கை விட்டுத் தேட வேண்டாம். கதவு, பெட்டி, கண்ணாடித் துண்டு எதையும் தொடாதீர்கள். கைரேகை அங்கேதான் இருக்கும். பிறகு இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. அந்த இடத்திலிருந்தே 119க்கு அழைத்து, துவக்கு களவு போயிருக்கிறது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். வாகனக் களவு என்று தொடங்கினால் அவசரம் புரியாது.
2. கிட்டிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். துவக்கு குழல், சோங்கு, முன்கட்டை என்று எந்தெந்தத் துண்டாகப் போயிற்று, தோட்டா போயிற்றா, தொடர் இலக்கம் என்ன, கடைசியாக எப்போது கண்ணால் கண்டீர்கள் என்பவை எழுத்தில் வர வேண்டும். முறைப்பாட்டுப் பிரதி ஒன்றை வாங்குங்கள்.
3. அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு அந்தப் பிரதியோடு எழுத்தில் அறிவியுங்கள்.
4. அருகில் உள்ள கடைகளின் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று பார்த்துப் பொலிஸாரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

ஊரில் விசாரித்துப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் பொறுத்து, பிறகு முறைப்பாடு கொடுப்போம் என்று நினைக்காதீர்கள். யார் எடுத்தான் என்று தெரிந்தவர்கள் கொண்டுவந்து தருவார்கள் என்ற நம்பிக்கையில் சிலர் காத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் அந்தத் துவக்கு எதற்காவது பயன்பட்டிருந்தால், தாமதத்துக்கான விளக்கம் உங்களிடம் இருக்காது. பையில் முன்கட்டை இருந்தால் அதைப் பொலிஸாரிடம் காட்டுங்கள். துவக்கை அடையாளம் காண அது உதவும்.

வாகனம் உங்கள் கையை விட்டுப் போகும்போது

சேர்விசுக்கு, டிங்கர் வேலைக்கு, டயர்க் கடைக்கு, உறவினர் கலியாணத்துக்கு என்று வாகனத்தை இன்னொருவரிடம் கொடுக்கும் நாளில் பெட்டியைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்குக் கீழே, கால்மிதிக்கு அடியில், உதிரி டயர்க் குழிக்குள் ஒரு தோட்டா உருண்டு கிடக்கலாம். அதை யார் கண்டெடுத்தாலும், எந்தச் சோதனைச் சாவடியில் அகப்பட்டாலும், பதில் சொல்ல வேண்டியவர் அன்று வாகனத்தை ஓட்டிய அப்பாவி. விற்கும்போது பெட்டியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். புதிதாக வாங்கியவருக்கு அங்கே ஏன் அப்படி ஒரு பெட்டி என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை, உங்களிடம் துவக்கு இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கழற்றிய துளைகளை மெக்கானிக்கிடம் சொல்லி அடைத்து, துருப்பிடிக்காத பூச்சுப் பூசிக் கொடுங்கள்.